சுவர் இல்லாத வீட்டில் பெண் பார்த்த கதை

எனக்கு வீடு கட்டத் தெரியாது. இடிக்கத் தெரியும். இதை என் மனைவி, என் தங்கை, தங்கை புகுந்த வீட்டார், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் என்று எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

காரைக்குடியில் வீடு என்றதும் தேக்குத் தூண், பெரிய முற்றம், பளபளக்கும் தரை என்று கற்பனை செய்கிறவர்கள் தயவுசெய்து இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் வாங்கியது ஒரு பிளாட். அறுபதுகளில் யாரோ ஒருவர் வாத்தியார்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில், முதல் மாடி. கதவைத் திறந்தால் ஒரு குறுகலான நடை. நடைக்கு இந்தப் பக்கம் ஹாலும் ஒரு அறையும், அந்தப் பக்கம் சமையலறையும் ஒரு சாமான் அறையும். கடைசியில் ஒரு மூலையில், யார் கண்ணிலும் படாமல், கழிப்பறை. அந்தக் காலத்து ஆள் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார். அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

நான் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். அறுவடை முடிந்துவிட்டால் மத்தியானத்தில் கடைக்கு ஈ கூட வராது. அந்த நேரத்தில் போனில் வீடு புதுப்பிக்கும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லா வீடியோவிலும் பழைய பிளாட் ஒன்றில் நுழைவார்கள், சுவரை இடிப்பார்கள், வெளிச்சம் வரும், பின்னணியில் கிதார் வாசிப்பார்கள். சமையலறை, ஹால், படுக்கை எல்லாம் ஒரே இடம். தேவைப்பட்டால் ஒரு தடுப்பை உருட்டி வைத்தால் அறை, தள்ளிவிட்டால் மண்டபம். இப்படி இல்லாத வீட்டில் மனிதன் எப்படி வாழ்கிறான் என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். கட்டடம் தூண்களில் நிற்கிறது, உள்சுவர்களை எடுத்தால் ஒன்றும் ஆகாது என்றார். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார். குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை.

என் மனைவி வசந்தி மட்டும் கேட்டாள்.

"ஏங்க, ஹால்லயே அடுப்பு இருந்தா, மீன் வறுத்தா நாறாதா?"

"அதுக்குத்தான் புகைபோக்கி மாட்டுறோம்."

"புடவை மாத்தணும்னா?"

"தடுப்ப உருட்டிக்க."

"எங்க அம்மாகூடப் போன்ல பேசணும்னா?"

"எனக்குத் தெரியாம அப்படி என்னத்தப் பேசப்போற?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். (பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்தப் பார்வை போதும். எனக்குப் போதவில்லை.)

சுவர்கள் விழுந்தன. அடுப்பு மேடை ஹாலின் நடுவுக்கு வந்தது. பழைய சமையலறை இருந்த இடம் படுக்கைப் பகுதி ஆனது. தரையை மட்டும் மாற்றவில்லை. பச்சையும் வெள்ளையும் புள்ளி போட்ட பழைய மொசைக், பாலிஷ் போட்டதும் கண்ணைப் பறித்தது. கழிப்பறைக்கு மட்டும் சுவரும் கதவும் விட்டு வைத்தேன். (அந்த மட்டுக்குப் புத்தி வேலை செய்தது.) ஆனால் நடை போய்விட்டதால், அதுவரை மூலையில் மறைந்திருந்த அந்தக் கதவு இப்போது நேரே சோபாவைப் பார்த்து நின்றது. சோபாவில் உட்கார்ந்தால் எதிரே டிவி, டிவிக்குப் பக்கத்தில் கழிப்பறை.

படுக்கைப் பகுதிக்கு உருளுகிற தடுப்பு ஒன்றை ஆசாரியிடம் செய்யச் சொன்னேன். ஆள் உயரத்துக்கு மேல், பத்தடி நீளத்தில், பிளைவுட் பலகை, அடியில் சக்கரங்கள். அதற்கு முன்னால் அவர் ஒரு ஜவுளிக் கடைக்கு மறைப்பு செய்து கொடுத்திருந்தாராம். அந்த உற்சாகத்தில் நான் எது சொன்னாலும் "ஜம்முன்னு இருக்கும் தம்பி" என்றார். பிரேக் வைத்த சக்கரம் பார்க்க அசிங்கமாக இருந்தது, வேண்டாம் என்றேன். "வேண்டாந்தான்" என்றார் ஆசாரி. கழுவி விடுகிற தண்ணீர் மூலைக்கு ஓட வேண்டும் என்று பழைய சமையலறைத் தரையைச் சற்றே சாய்த்துப் போட்டிருப்பார்கள், அதை வாட்டம் என்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பத்தடிப் பலகை சக்கரத்தின் மேல் நிற்கும்போது அந்த வாட்டம் என்ன செய்யும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

இதெல்லாம் வெறும் கோமாளித்தனமாகவே முடிந்திருக்கும், கோமதி கல்யாணம் நடுவில் வராமல் இருந்திருந்தால்.

கோமதி என் தங்கை. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வந்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவளே ஒரு இடத்தைச் சொன்னாள். நாட்டரசன்கோட்டைக்காரர் பிரபு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தன் அப்பாவுக்குச் சர்க்கரை பார்ப்பதற்காக மாதாமாதம் அவரை அந்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டி வருவார். அப்பாவின் ரத்தத்தை எடுத்தவள் மகனின் மனசையும் எடுத்துவிட்டாள். மாமனாரின் சர்க்கரை அளவைக் கல்யாணத்துக்கு முன்பே மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மருமகள் இந்த ஜில்லாவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பிரபுவுக்குச் சம்மதம். ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்வது அவருடைய பெரிய அத்தை, அவர் அப்பாவின் அக்கா. எங்களுக்கு முறைப்படி பெரியம்மா ஆக வேண்டியவர். அவர் வந்து பெண்ணையும் வீட்டையும் மனுஷரையும் பார்த்துச் சரி என்றால் சரி. வேண்டாம் என்றால் பிரபு மீறிப் பேசமாட்டார் என்று கோமதியே சொன்னாள்.

ஒக்கூரில் எங்கள் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் பெண் பார்ப்பது என்றுதான் முதலில் பேச்சு. நான் குறுக்கே விழுந்தேன்.

"அங்க என்னப்பா இருக்கு? மாட்டுக் கொட்டகையும் வைக்கப்போரும். நம்ம பிளாட்டுல வைப்போம். வர்றவுக அசந்து போயிருவாக."

கோமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, ஊர்லயே வச்சுக்குவம்ணே. எத்தனையோ இடம் போச்சு, நான் ஒன்னும் சொல்லல. இது ஒன்னு கெட்டுப்போகக் கூடாதுண்ணே." நான் அவள் தலையில் தட்டி, "என்னைய நம்பு" என்றேன். இப்போது எழுதும்போதும் அந்த வார்த்தை என்னைக் குத்துகிறது.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண்ணை எங்கே உட்கார வைப்பது என்ற முதல் கேள்வியிலேயே வியர்க்க ஆரம்பித்தது. கதவு உள்ள ஒரே இடம் கழிப்பறை. அங்கே உட்கார வைக்க முடியாது. தடுப்பை உருட்டி, அதற்குப் பின்னால் கோமதியை நிறுத்தினோம். தடுப்புக்கும் தரைக்கும் நடுவே சக்கர உயரத்துக்கு இடைவெளி. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் பார்த்த முதல் காட்சி, அந்த இடைவெளியில் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்த இரண்டு கால்கள்.

"வாங்க வாங்க, இங்குட்டு உக்காருங்க" என்று அப்பா வரவேற்றார். பெரியம்மா கட்டைக் குரல்காரர், வெள்ளை வெளேரென்ற முடி. சோபாவின் நடுவில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிலும் பார்த்தார்.

"இனிமேத்தான் சுவரு வைக்கணுமா?" என்றார்.

"இல்ல பெரியம்மா, இருந்தத எடுத்துட்டோம். இப்ப இதான் பாணி" என்றேன்.

"ஓ" என்றார். நான் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

பெண்ணை அழைத்து வரச் சொல்லலாமா என்று அப்பா மரியாதையாகக் கேட்டார். "அந்தா கால் தெரியுதே, அதுதான பொண்ணு, வரச் சொல்லுங்க" என்றார் பெரியம்மா. கோமதி வந்தாள், கும்பிட்டாள், பாயில் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரபு தரையின் மொசைக் புள்ளிகளை எண்ணுகிறவர் போலக் குனிந்தே இருந்தார். அவருடைய அப்பா வாயே திறக்கவில்லை. அவர் கண் மட்டும் எதிரே இருந்த கழிப்பறைக் கதவுக்குப் போவதும், எங்கள் முகங்களைப் பார்ப்பதும், மறுபடி கதவுக்குப் போவதுமாக இருந்தது. கதவை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"பழைய கதவுதான் மாமா. பாலிஷ் மட்டும் போட்டோம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

அடுத்தது பலகாரம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கும் பலகாரம் எந்தக் கடையில் வாங்கியதானாலும், பெண் கையால் செய்தது என்று சொல்லிவிடுவார்கள். வந்தவர்களும் நம்பியதுபோல் சாப்பிடுவார்கள். அவர்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் இதற்கு அடுப்படிக்குச் சுவர் இருக்க வேண்டும்.

என் அப்பா அடுப்பு மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "எல்லாம் பாப்பா கைப்பக்குவம்" என்று ஆரம்பித்தார். "விடியக் காலம் எந்திரிச்சு, மாவு இடிச்சு, சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் ஒத்தை ஆளாச் சுட்டுப்பிடுச்சு." அவர் தலைக்கு நேர் பின்னால், மேடையில், வசந்தி கடைப் பெட்டியின் நூலை வாயால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மேல் கடைப் பெயர் உள்ளங்கை அகல எழுத்தில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் அப்பாவின் தோளுக்கு மேலே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கண்ணைக் காட்டினேன். அப்பாவுக்கு அது ஊக்கமாகப் பட்டது. "மாவுருண்டைக்கு நெய்கூட வீட்டுல உருக்குனதுதான்" என்றார்.

வசந்தி நிமிர்ந்தாள், எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். பெட்டியை எங்கே ஒளிப்பது? ஒளிக்க ஒரு இடமும் நான் விட்டு வைக்கவில்லை. ஆகவே அவள் பெட்டியோடு அப்படியே மெதுவாகக் கீழே உட்கார்ந்து மேடைக்குப் பின்னால் மறைந்தாள். சற்று நேரம் கழித்து ஒரு கை மட்டும் மேலே வந்து தட்டில் சீடையை வைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முகம் இறுகிவிட்டது. கோமதி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

காபி முடிந்தது. "நாங்க கொஞ்சம் தனியாப் பேசிக்கிறோம். எங்குட்டுப் போறது?" என்றார் பெரியம்மா.

இந்தக் கேள்விக்காகத்தானே நான் இத்தனை மாதம் காத்திருந்தேன். "இங்குட்டு வாங்க பெரியம்மா" என்று அவர்களைப் படுக்கைப் பகுதிக்கு அழைத்துப் போய்த் தடுப்பை இழுத்து மூடினேன். ஒரு நொடியில் அறை தயார். பெருமையோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிந்தது, பிளைவுட் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு" என்றது மாப்பிள்ளை அம்மாவின் குரல், எங்கள் மடியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. "ஆனா இவுகள எப்படி நம்புறது? கண்ணுக்கு முன்னாடி கடைப் பெட்டியப் பிரிச்சுக்கிட்டே கையால செஞ்சதுங்கிறாக. இன்னும் என்னென்ன மறைக்கிறாகளோ."

அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. கேட்கக்கூடாததைக் கேட்கிறோமே என்ற நாகரிகத்தில் வசந்தி காலி மிக்சியை ஓடவிட்டாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள்.

"அண்ணங்காரனும் ஒரு மாதிரியாத்தான் இருக்கான்" என்றது கூட வந்த இன்னொரு பெண்ணின் குரல். "கக்கூஸ் கதவக் காட்டிப் பெருமை அடிக்கிறான்."

அப்போதுதான் தடுப்பு நகர்வதைப் பார்த்தேன். மெதுவாக, சத்தமே இல்லாமல், வாட்டம் போகிற பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கோடு திறந்து, அதில் மாப்பிள்ளை அம்மாவின் முழங்கை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் இரண்டு குடும்பமும் நேருக்கு நேர் முழித்துக்கொண்டு நிற்கும். பாய்ந்து போய் இரண்டு கைகளாலும் பலகையைக் கட்டிப் பிடித்தேன். கன்னம் பலகையில் ஒட்டியிருந்தது. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. என் தங்கையின் வாழ்க்கை என் கையில் உருண்டுகொண்டிருப்பதாகவே பட்டது.

"நீ என்னப்பா சொல்ற?" பெரியம்மா தன் தம்பியைக் கேட்டார்.

"சட்டுன்னு முடிங்கக்கா. கெளம்புவோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அந்த வீட்டில் அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"ஏன், ஒனக்குப் பிடிக்கலையா?"

என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கோமதி அழவில்லை. அவள் தடுப்பைப் பார்த்தாள். பிறகு கழிப்பறைக் கதவைப் பார்த்தாள். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, "பெரியம்மா" என்று கூப்பிட்டாள்.

உள்ளே பேச்சு நின்றது. தடுப்பை உள்ளிருந்து யாரோ தள்ளினார்கள். பிடியை விடாததால் நானும் அதோடு நகர்ந்தேன். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒட்டுக் கேக்குறீகளாக்கும்?"

"இல்ல பெரியம்மா. தரை வாட்டம். விட்டா ஓடிரும்."

"எங்க, விடுங்க பாப்போம்."

விட்டேன். தடுப்பு மலை மாதிரி அப்படியே நின்றது.

"அது கடையில வாங்குனதுதான் பெரியம்மா" என்றாள் கோமதி. "எனக்குப் பலகாரம் செய்ய வராது. சோறு குழம்பு வைப்பேன். எங்க அப்பா வழக்கத்துக்குச் சொல்லிட்டாக. வேற ஒன்னும் மறைக்கல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப எல்லாரும் பால்கனிக்கு வாங்க. அங்க நல்லாக் காத்து வருது. மாமா மட்டும் இங்க இருக்கட்டும்."

யாருக்கும் விளங்கவில்லை. பெரியம்மா தன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவர் கழிப்பறைக் கதவைப் பார்த்தார். சர்க்கரைக்காரர், நாட்டரசன்கோட்டையிலிருந்து கிளம்பியதிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறார், அத்தனை பெண்கள் முன்னால் அந்தக் கதவைத் திறக்கக் கூச்சப்பட்டுச் செத்துக்கொண்டிருக்கிறார். பெரியம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"ஆமா ஆமா, காத்துதான் முக்கியம். எல்லாரும் வாங்க" என்று விரட்டினார்.

இரண்டு குடும்பமும் அந்தச் சின்னப் பால்கனியில் நெருக்கியடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றோம். கீழே காய்கறி வண்டிக்காரர் என்னமோ ஏதோவென்று அண்ணாந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. என் அப்பா உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சத்தம் கூடக் கூட மழைப் பேச்சும் கூடியது.

நடுவில் பெரியம்மா என் அம்மாவின் பக்கம் சாய்ந்தார். "அந்தக் கடையில சீப்புச் சீடை நல்லாருக்கும். எங்க பொண்ணப் பாக்க வந்தப்ப நாங்களும் அங்கனதான் வாங்குனோம். பொண்ணு சுட்டதுன்னுதான் சொன்னோம். எங்க அடுப்படிக்குச் சுவரு இருக்கு, தப்பிச்சோம்."

மாப்பிள்ளையின் அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

மாப்பிள்ளையின் அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "என்ன எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்கீக? வெத்தலை பாக்கு மாத்த வேணாமா?" என்றார்.

கோமதி அப்போதுதான் அழுதாள். பிரபு அன்று முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதையும் விட்டால் விழுந்துவிடுவேன் என்றிருந்தது.

நிச்சயதார்த்தம் ஒக்கூர் வீட்டில் நடந்தது. பெரியம்மா போட்ட ஒரே நிபந்தனை அதுதான். தடுப்பு இப்போது அங்கே மாட்டுக் கொட்டகையில் வைக்கோலை மறைத்து நிற்கிறது, சக்கரத்தைக் கழற்றியாயிற்று. பிளாட்டில் அது இருந்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்பிக் கதவு போட்டேன். உள்ளிருந்து முதல் ஆளாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வசந்தி தன் அம்மாவுடன் சாயங்காலம் வரை போனில் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன வருஷம் நாட்டரசன்கோட்டையில் கோமதி வீட்டுக்கு மாடி எடுத்தார்கள். மனையடி பார்த்தது, கொத்தனார் வந்தது, சுவர் எழும்பியது எதுவும் எனக்குத் தெரியாது. கூரை போட்டு, பூச்சும் முடிந்து, பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான் கூப்பிட்டார்கள். "கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா வந்துருவீகளேண்ணே" என்றாள் கோமதி.

ஒவ்வொரு அறையாக என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். எல்லா அறைக்கும் நான்கு பக்கமும் சுவர், எல்லாச் சுவரிலும் நல்ல கனம், எல்லாக் கதவிலும் தாழ்ப்பாள். ஒவ்வொரு தாழ்ப்பாளையும் தானே போட்டுத் திறந்து காட்டினாள். கூட வந்த சொந்தக்காரர்களெல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் அந்த வீட்டில் அப்படிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு நடமாடுவதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. கடைசி அறையில் பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சுவரைக் கையால் தட்டிக் காட்டினார்.

"ரெட்டைச் செங்கல் சுவரு தம்பி. ஒட்டுக் கேக்க வசதிப்படாது. கோவிச்சுக்காதீக."